நாகேஷை மியூட்ல பாருங்க

பெங்களூர்ல ஸ்பீச் தெரபிஸ்ட்டா இருக்கேன். டீச்சருங்க, பாட்டு கத்துக்கிறவங்க, கால் சென்டர்ல பேசுறவங்கதான் எப்பவும் தொண்டை கட்டிக்கிட்டு வருவாங்க. இப்ப கொஞ்ச நாளா ஸ்டாண்ட்-அப் காமெடி பண்ற பசங்களும் வர்றாங்க.

போன மாசம் அல்சூர் தம்பி ஒருத்தர் வந்தார், வாரம் பூரா ஒயிட்ஃபீல்டுல ஐடி வேலை, மீட்டிங் மீட்டிங்கா பேசிட்டு சனிக்கிழமை ஆனா இந்திரா நகர்ல ஓப்பன் மைக் (யார் வேணா மேடையேறி காமெடி பண்ணலாம்), ரெண்டு மாசமா குரல் கரகரன்னு இருக்காம். ஈஎன்டி டாக்டர் ஸ்கோப் விட்டுப் பார்த்ததுல குரல் நாண் ரெண்டுலயும் சின்னத் தடிப்பு. நாட்யூல்னு சொல்லுவோம். மண்வெட்டி பிடிச்ச கையில காய்ப்பு வர்ற மாதிரிதான், கத்தக் கத்த ரெண்டு நாணும் மோதி மோதி அப்படி ஆயிடும்.

ஸ்டேஜ்ல பண்றதைப் பண்ணிக் காட்டச் சொன்னேன். ஒவ்வொரு பஞ்ச் லைனுக்கும் கீச்சுன்னு ஒரு கத்தல். "நாகேஷ் சார்தான் மேடம் என் குரு"ன்னார்.

அந்தப் பேரைக் கேட்டதும் எனக்கு விட மனசில்ல. 1964ல வந்த காதலிக்க நேரமில்லை படத்துல பாலையாகிட்ட பேய்க்கதை சொல்வாரே, அந்த சீனை போன்ல மியூட்ல போட்டுக் காட்டினேன். சத்தமே இல்லாம சிரிக்கிறார் தம்பி! அந்த விரல், அந்தக் கண்ணு, சட்டுனு நிறுத்துறது, எதிர்ல பாலையா முகம் வெலவெலத்துப் போறது. அப்புறம் சவுண்டோட போட்டேன். நடுவுல விடுற கேப்லதான் பயமே இருக்கு. அடுத்த வருஷம் வந்த திருவிளையாடல்ல தருமி தனியா புலம்பிக்கிட்டே நடக்கிற நடையும் அப்படித்தான், உடம்பே பேசும். பின்னாடி வந்த வடிவேலு சும்மா ஒரு முழி முழிச்சாலே சிரிக்கிறோமே, அதுவும் நாகேஷ் போட்ட ரூட்டுன்னுதான் நான் நினைக்கிறேன்.

கையில மைக் இருக்கு தம்பி, கத்தாதீங்க. அடிக்கடி தொண்டையைக் கனைக்காதீங்க, கிசுகிசுன்னு பேசினா தொண்டைக்கு ரெஸ்ட்டுன்னு நினைக்காதீங்க, அதுவும் சிரமம்தான். தண்ணி நிறைய குடிங்க. கரகரப்பு மூணு வாரம் தாண்டுச்சுன்னா மிட்டாய் சப்பிக்கிட்டு இருக்காம ஈஎன்டி டாக்டரைப் பாருங்க.

நேத்து திரும்ப வந்து பண்ணிக் காட்டினார். பஞ்ச் லைனுக்கு முன்னாடி ரெண்டு செகண்ட் நிறுத்தி, கையை மட்டும் மெதுவா தூக்கினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரிசப்ஷன் பொண்ணு, தமிழே தெரியாத கன்னடப் பொண்ணு, வாயைப் பொத்திக்கிட்டு சிரிச்சிட்டு இருந்துச்சு.