தேசிய நல்லாசிரியர் விருது: கணக்கு ஆசிரியர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

விடைத்தாள் திருத்தும் முகாமில், மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் கணக்கு ஆசிரியர்கள் நாங்கள் கொஞ்சம் நிதானமாகப் பேசிக்கொள்வோம். அப்படி ஒருமுறை, இருபது ஆண்டுக்கும் மேலாகக் கிராமத்துப் பள்ளியில் கணக்கு எடுக்கும் ஆசிரியை ஒருவர் கேட்டார்: "விருதெல்லாம் நமக்கு எங்க சார்? யார் நம்ம பேரை எழுதி அனுப்பப் போறாங்க?"

அவர் மனதில் இருந்தது தேசிய நல்லாசிரியர் விருதின் பழைய நடைமுறை. 2018 வரை மாநில அரசு பரிந்துரைத்தால்தான் பெயர் டெல்லிக்குப் போகும். அந்த ஆண்டு விதிகள் மாறின. இப்போது ஆசிரியர் தானே இணையவழியில் விண்ணப்பிக்கலாம். இந்த ஒரு மாற்றம் இன்னும் பலருக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இந்த விருது 1958இல் தொடங்கியது. செப்டம்பர் 5, ஆசிரியர் தினத்தன்று குடியரசுத் தலைவர் வழங்குவார். சான்றிதழ், வெள்ளிப் பதக்கம், 50,000 ரூபாய் ரொக்கம். முன்பு நாடு முழுவதும் 300 பேருக்கு மேல் பெற்றார்கள். 2018 மாற்றத்துக்குப் பிறகு பள்ளி ஆசிரியர்களில் ஏறக்குறைய 50 பேருக்குத்தான் கிடைக்கிறது. 2023 முதல் கல்லூரி, பாலிடெக்னிக் ஆசிரியர்களுக்கும் தனியாக இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஆக, போட்டி கடுமையானது. ஆனால் போட்டிக்குள் நுழைய யாருடைய தயவும் வேண்டாம்.

யார் விண்ணப்பிக்கலாம்? தொடக்கப் பள்ளி முதல் மேல்நிலைப் பள்ளி வரை, அங்கீகாரம் பெற்ற எந்தப் பள்ளியின் ஆசிரியரும் தலைமையாசிரியரும் விண்ணப்பிக்கலாம். அரசு, உள்ளாட்சி, அரசு உதவி பெறும் பள்ளி, தனியார், கேந்திரிய வித்யாலயா, சிபிஎஸ்இ எல்லாம் இதில் சேரும். முறையான பணியில் இருக்க வேண்டும். ஒப்பந்த ஆசிரியர்களுக்கு இடமில்லை. நன்றாகப் பாடம் எடுக்கும் ஒப்பந்த ஆசிரியர்கள் எத்தனையோ பேரை எனக்குத் தெரியும், இந்த விதி எனக்கு ஏற்புடையதல்ல. ஆனால் விதி இன்று அப்படித்தான் இருக்கிறது. கல்வி அலுவலர்களும் பயிற்சி நிறுவனங்களில் இருப்பவர்களும் விண்ணப்பிக்க முடியாது. எத்தனை ஆண்டுப் பணி தேவை என்பதை அந்தந்த ஆண்டின் அறிவிக்கையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு நிபந்தனை கணக்கு ஆசிரியர்களை நேராகத் தொடும். டியூஷன் எடுப்பவர் விண்ணப்பிக்கக் கூடாது. தமிழ் ஆசிரியரைவிட, சமூக அறிவியல் ஆசிரியரைவிட, நம்மிடம்தான் "சாயந்திரம் வீட்டுக்கு அனுப்பட்டுமா சார்?" என்று பெற்றோர் அதிகம் கேட்கிறார்கள். பள்ளியிலேயே மாலையில் கட்டணம் வாங்காமல் நடத்தும் சிறப்பு வகுப்பு வேறு, காசு வாங்கிக்கொண்டு வீட்டில் நடத்தும் டியூஷன் வேறு. இரண்டாவது இருந்தால் விண்ணப்பத்தைத் திறக்கவே வேண்டாம். உள்ளூரில் விசாரிக்கும்போது முதலில் வெளியே வருவது இதுதான்.

நடைமுறை சிக்கலானதல்ல. மத்தியக் கல்வி அமைச்சகத்தின் விருது இணையதளம் அண்மை ஆண்டுகளில் ஜூன் கடைசியில் திறந்து ஜூலையில் மூடுகிறது. பதிவு செய்து, விவரங்களை நிரப்பி, சான்றுகளின் தொகுப்பைப் பதிவேற்ற வேண்டும். நாம் தந்தது எல்லாம் உண்மை என்று உறுதிமொழியும் கொடுக்க வேண்டும். அப்புறம் மாவட்டத் தேர்வுக் குழு பார்க்கும். சொன்னதெல்லாம் சரியா, துறை நடவடிக்கை ஏதும் நிலுவையில் உண்டா என்று விசாரித்து, மாவட்டத்துக்கு 3 பெயர்களை மாநிலக் குழுவுக்கு அனுப்பும். மாநிலக் குழு அதிலிருந்து பொறுக்கித் தேசிய நடுவர் குழுவுக்கு அனுப்பும். அங்கே ஆசிரியரே தன் பணியை எடுத்துச் சொல்ல வேண்டும்.

மதிப்பெண் எப்படிப் போடுகிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இரண்டு பகுதி. முதல் பகுதியில் ஒழுங்காகப் பள்ளிக்கு வருகிறாரா, அனுப்பிய பயிற்சிகளுக்குப் போகிறாரா, கடந்த 3 ஆண்டுகளின் பணி மதிப்பீட்டு அறிக்கை எப்படி, மாணவர் சேர்க்கையைக் கூட்டவும் இடைநிற்றலைக் குறைக்கவும் என்ன செய்தார், இணையவழிப் படிப்பு ஏதும் சேர்ந்தாரா, பாடநூலோ கையேடோ எழுதினாரா, கட்டுரை வெளியிட்டாரா போன்றவை. இவற்றுக்கு மதிப்பெண் குறைவு. பெரும்பங்கு இரண்டாவது பகுதிக்குத்தான்: வகுப்பில் நீங்கள் செய்து பார்த்த புதிய முயற்சி, அன்றாடம் பயன்படுத்தும் கற்பித்தல் முறை, குறைந்த செலவில் செய்த கருவிகள், பாடத்துக்கு வெளியே நடத்திய செயல்பாடுகள், ஊர்மக்களைப் பள்ளியோடு இணைத்தது.

நூற்றுக்கு நூறு தேர்ச்சி மட்டும் காட்டினால் போதாது என்பது இதிலிருந்து தெரியும். கணக்கு ஆசிரியர் பலர் தடுக்கி விழுவது இங்கேதான். தேர்ச்சி விழுக்காடு, சென்டம் எண்ணிக்கை, பொன்னாடைப் படங்கள் என்று தொகுப்பை நிரப்பிவிடுகிறார்கள். நடுவர் தேடுவது வேறு.

உதாரணத்துக்கு, ஏழாம் வகுப்பில் முழுக்கள். −3 − 5 எவ்வளவு என்று கேட்டால், "மைனசும் மைனசும் பிளஸ்" என்று மனப்பாடம் செய்த பிள்ளை 8 என்று எழுதும். வகுப்பில் எத்தனை பேர் அப்படி எழுதினார்கள் என்று முதல் நாளே எண்ணி வையுங்கள். அந்தத் தாள்களில் நான்கைந்தை எடுத்து வையுங்கள். பிறகு இரண்டு நிறத்தில் பாட்டில் மூடிகளைக் கொடுத்து, சிவப்பு கடன், நீலம் கையிருப்பு என்று விளையாட விடுங்கள். ஏற்கெனவே 3 ரூபாய் கடன், இன்னும் 5 ரூபாய் கடன் வாங்கினால் என்ன ஆகும் என்று பிள்ளைகளே சொல்லட்டும். ஒரு மாதம் கழித்து, முன்னறிவிப்பில்லாமல் அதே வகைக் கேள்வியைக் கேட்டு மறுபடி எண்ணுங்கள். முன்பு எத்தனை, இப்போது எத்தனை, இன்னும் புரியாத பிள்ளைகளுக்கு அடுத்து என்ன செய்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதினால் அது ஒரு பக்கம் வரும். இந்த ஒரு பக்கம் பத்துப் பொன்னாடைப் படங்களைவிட அதிகம் பேசும். புரியாமல் போனதை மறைக்காமல் எழுதுங்கள். உண்மையாக வகுப்பில் நின்றவர் எழுதியது என்பதை அதுதான் காட்டிக்கொடுக்கும்.

இப்படிப்பட்ட பக்கங்களை ஜூலையில் உட்கார்ந்து உருவாக்க முடியாது. ஆண்டுக்கணக்கில் சேர வேண்டும். தனியாக இருந்தால் சேருவதும் கடினம், ஏனென்றால் நம் வகுப்பில் நடப்பது நமக்குச் சாதாரணமாகத் தெரியும். இன்னொரு கணக்கு ஆசிரியரிடம் சொல்லும்போதுதான், "இதை எழுதி வைங்க" என்று அவர் சொல்வார். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தைக் கையெழுத்துப் போட்டுவிட்டு வரும் இடமாக நினைக்காதீர்கள். பயிற்சிக்குப் போனதற்கு மதிப்பெண் உண்டு என்பது ஒருபுறம். அதைவிட, அங்கே பேசிய ஒரு யோசனை உங்கள் வகுப்புக்கு வந்து, மாறி, மறுபடி அங்கே போனால் அது இரண்டாம் பகுதிக்கான சான்றாகவே ஆகிவிடும்.

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியக் கணித ஆசிரியர் சங்கம் 1965 முதல் இயங்குகிறது. ஆண்டு மாநாடும் மாணவர்களுக்குத் தேசிய அளவில் திறனறி போட்டியும் நடத்துகிறது, ஆசிரியர்களுக்கென்று இதழும் வெளியிடுகிறது. வகுப்பறை அனுபவத்தை அதற்கு எழுதி அனுப்பலாம். கட்டுரை வெளியிட்டால் மதிப்பெண் என்ற விதி நமக்கு எட்டாத விதி அல்ல. அறிவியலை மக்களிடம் கொண்டுசெல்லும் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்திலும் கணக்கு ஆசிரியர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

சென்னை முத்தியால்பேட்டைப் பள்ளியில் கணக்கு ஆசிரியராக இருந்த பி.கே. சீனிவாசனை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. இராமானுஜனின் கடிதங்களையும் அவரை அறிந்தவர்களின் நினைவுகளையும் தேடித் திரட்டி 1968இல் நூலாகக் கொண்டுவந்தவர். 1993இல் இராயபுரத்தில் இராமானுஜன் அருங்காட்சியகம் உருவானதும் அவர் முயற்சியில்தான். ஒரு பள்ளி ஆசிரியர் சேர்த்து வைத்தது இன்று ஆய்வாளர்களுக்கும் ஆதாரமாக இருக்கிறது.

மாநில அளவில் டாக்டர் இராதாகிருஷ்ணன் விருது தனியே உண்டு. 10,000 ரூபாய், வெள்ளிப் பதக்கம், சான்றிதழ். தமிழ்நாட்டில் மட்டும் ஆண்டுதோறும் 350 பேருக்கு மேல் பெறுவதால் வாய்ப்பு அதிகம். இதற்கான அறிவிப்பைப் பள்ளிக்கல்வித் துறை தனியாக வெளியிடும். சேர்த்து வைத்த சான்றுகள் இதற்கும் பயன்படும்.

முகாமில் கேட்ட அந்த ஆசிரியையிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: ஒரு நீள நோட்டு வாங்குங்கள், தேதி போட்டு எழுதுங்கள். இந்த ஆண்டு இணையதளம் மூடிவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள். டிசம்பர் 22, இராமானுஜன் பிறந்த நாள், தேசியக் கணித தினம் வருகிறது. அன்று பிள்ளைகள் செய்வதைப் படம் எடுத்தால், எந்த வகுப்பு, எத்தனை பேர், என்ன கண்டுபிடித்தார்கள் என்று அன்றைக்கே இரண்டு வரி எழுதி வையுங்கள். மாவட்டக் குழு கேட்கும்போது நினைவிலிருந்து சொல்ல வேண்டியிருக்காது.