தீக் கட்டுப்பாடு அல்ல, பீரங்கிச் சூட்டு நெறியாள்கை

இந்தியத் தரைப்படையின் பீரங்கிப் பிரிவுக்காகப் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தயாரித்த ‘சக்தி’ கணினி வலையமைப்பைப் பற்றி எழுதும்போது, பீரங்கி சுடுவதை வழிநடத்தும் ஃபயர் கன்ட்ரோலைத் ‘தீக் கட்டுப்பாடு’ என்று பெயர்ப்பதை இனியாவது விட்டுவிட வேண்டும். தீயைக் கட்டுப்படுத்துவது தீயணைப்புத் துறையின் வேலை.

பழைய பீரங்கியின் துளையில் கனலும் திரியை வைத்து வெடிக்கச் செய்ததால் ஆங்கிலத்தில் ஃபயர் என்பது சுடுதலையும் குறித்தது. தமிழில் ‘சுடு’ அதே வழியில் வந்து ‘துப்பாக்கிச் சூடு’ என்று நிலைத்துவிட்டது. பிறகு தீ எதற்கு?

சிலர் ‘சூட்டுக் கட்டுப்பாடு’ என்கிறார்கள். தனியே படித்தால் எஞ்சின் சூட்டைத் தணிக்கும் கருவிபோல இருக்கிறது. ‘கட்டுப்பாடு’ அடக்குவதைத்தான் முதலில் நினைவூட்டும். இந்த வலையமைப்பு செய்வதோ வேறு. முன்னணியில் இருக்கும் நோக்குநர் இலக்கின் இடத்தையும் தன்மையையும் கைக்கணினியில் அனுப்புகிறார். எந்தப் பீரங்கி அணிக்கு அது எட்டும், எந்தக் குண்டு, எத்தனை சுற்று, நம் படை அருகில் இருக்கிறதா என்று முடிவு செய்வது ஒரு பாதி. பீரங்கி நிற்கும் இடம், குண்டு குழல்வாயை விட்டுக் கிளம்பும் வேகம், காற்று, வெப்பநிலை, காற்றடர்த்தி ஆகியவற்றைக் கொண்டு திசையும் ஏற்றக்கோணமும் கணித்துப் பீரங்கியருகே உள்ள திரைக்கு அனுப்புவது மறுபாதி. கோணம் ‘மில்’ என்ற அலகில் வரும். நேட்டோ வழக்கில் முழுவட்டம் 6400 மில். திசையில் 1 மில் பிசகினால் 10 கி.மீ. தொலைவில் குண்டு ஏறத்தாழ 10 மீட்டர் விலகும். வானிலைத் தரவு பழையதாக இருந்தாலோ, நோக்குநரும் பீரங்கி அணியும் வெவ்வேறு வரைபட ஆதாரத்தில், அதாவது வெவ்வேறு அளவீட்டு அடிப்படையில், ஆயங்களை (இடத்தைக் காட்டும் எண்களை) குறித்தாலோ, கணினி பிழையின்றிக் கணித்தும் குண்டு வேறிடத்தில் விழும். முடிவெடுத்து, கணித்து, வழிநடத்தும் இவ்வளவும் நெறியாள்கைதான்.

‘பீரங்கி’ பரங்கியரோடு வந்த சொல்லாயிற்றே என்று ‘கணைநெறி’ போன்றவற்றைப் புனைவதிலும் எனக்கு உடன்பாடில்லை. படிப்பவர் ஏவுகணை என்றே எடுத்துக்கொள்வார். ‘பீரங்கிச் சூடு’ எல்லோருக்கும் புரிகிறது.

அகராதியை மட்டும் பார்த்துப் பெயர்ப்பவர்களிடம் இன்னொன்றும் சொல்ல வேண்டும். ‘செக் ஃபயரிங்’ என்ற ஆணைக்குச் ‘சுடுதலைச் சரிபார்’ என்று பொருளில்லை. ‘உடனே சுடுவதை நிறுத்து’ என்பதே பொருள். ஆபத்தைக் கண்டால் பீரங்கியருகே நிற்கும் யாரும் அந்த ஆணையைக் கொடுக்கலாம்.