மிதிவெடித் தடைச் சட்டம்: வன்னியில் இருக்கும் நாங்கள் எதைக் கேட்கலாம்?

மண்டையோடு போட்ட சிவப்புப் பலகைகளைப் பார்த்தே வளர்ந்த வன்னிப் பிள்ளைகளில்கூடப் பலருக்கு, மிதிவெடிக்கென்றே இலங்கையில் ஒரு சட்டம் இருப்பது தெரியாது. 2022ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் அது. மனிதரைக் குறிவைத்துப் புதைக்கிற கண்ணிவெடியைப் பாவிப்பது, செய்வது, வைத்திருப்பது, கைமாற்றுவது எல்லாமே இதன்படி குற்றம்.

சட்டம் வந்த வழியை முதலில் சொல்லவேண்டும். 1997இல், மிதிவெடியை முற்றாகத் தடைசெய்கிற சர்வதேச உடன்படிக்கையான ஒட்டாவா சமவாயம் உருவானபோது இலங்கை அதில் சேரவில்லை. ஐ.நா. பொதுச்சபையில் ஆண்டுதோறும் வந்த மிதிவெடித் தடைத் தீர்மானத்துக்கு 1996 முதல் ஆதரவாக வாக்களித்துக்கொண்டே, புலிகளும் கைவிட்டால்தான் நாங்களும் கைவிடுவோம் என்று சேராமல் நின்றது. போர்நிறுத்த காலத்தில் கொஞ்சம் இளகியது. 2004இல், மிதிவெடியை முற்றாகத் தடைசெய்யாமல் பாவனையை மட்டும் கட்டுப்படுத்துகிற இன்னொரு உடன்படிக்கையில் சேர்ந்தது; 2005இல், ஒட்டாவாவில் உறுப்பினராகாமலேயே தானாக விரும்பி அதற்கு ஓர் அறிக்கையும் கொடுத்தது. அப்புறம் மறுபடி போர். இரு தரப்பும் புதைத்தன, மண் எங்களுடையது. கடைசியில் 2017 டிசம்பர் 13ஆம் திகதிதான் இலங்கை ஒட்டாவாவில் சேர்ந்தது, அதாவது போர் முடிந்து எட்டு வருடம் கழித்து, இராணுவத்துக்கு அந்த ஆயுதம் இனித் தேவையில்லை என்று ஆன பிறகு. அரசுகள் மனிதாபிமான விதிகளை ஏற்கிற விதம் பல இடங்களில் இப்படித்தான், எனக்கு அதில் கோபம் இருக்கிறது. ஆனாலும் சேர்ந்தது சேர்ந்ததுதான், அதிலிருந்து எங்களுக்குக் கிடைப்பதை நாங்கள் விடக்கூடாது.

சமவாயம் இலங்கைக்கு நடைமுறைக்கு வந்தது 2018 ஜூன் 1. அன்றிலிருந்து நான்கு வருடத்துக்குள் களஞ்சியத்தில் இருந்த மிதிவெடிகளை அழிக்கவேண்டும்; பயிற்சிக்கென்று சிறிதளவு வைத்திருக்கலாம். இந்த வேலை 2021இலேயே முடிந்தது. மண்ணில் கிடப்பதை அகற்றப் பத்து வருடம், அதாவது 2028 ஜூன் 1 வரை. நாடு காரணம் காட்டிக் கேட்டால் மற்ற உறுப்பு நாடுகள் இந்தக் காலத்தை நீட்டிக் கொடுக்கலாம். அகற்றும்வரை அந்த இடங்களை அடையாளமிட்டு, வேலியிட்டு, ஆட்கள் உள்ளே போகாமல் பார்ப்பதும் அரசின் கடமைதான், யாரும் செய்கிற தயவல்ல.

சரி, சமவாயம்தான் இருக்கிறதே, தனியாக ஒரு சட்டம் எதற்கு? இலங்கையில் சர்வதேச ஒப்பந்தம் கையெழுத்தானதும் தானாக உள்நாட்டுச் சட்டம் ஆகிவிடாது, பாராளுமன்றம் தனியாகச் சட்டம் இயற்றவேண்டும். 2006இல், ஐ.நா. மனித உரிமைக் குழுவின் முடிவைக் காட்டி சிங்கராசா என்ற கைதி தொடுத்த வழக்கில் உயர் நீதிமன்றம் இதை அழுத்திச் சொன்னது. போரில் காயப்பட்டவர்களையும் கைதிகளையும் பொதுமக்களையும் காக்கிற, 1959இல் ஏற்ற ஜெனீவா சமவாயங்களுக்கு உள்நாட்டுச் சட்டம் வந்ததே 2006இல்தான், நாற்பத்தேழு வருடம்! அதோடு பார்த்தால் மிதிவெடிச் சட்டம் ஐந்து வருடத்துக்குள் வந்தது நல்ல வேகம்.

இனி, இந்த ஏற்பாட்டில் பலவீனமான இடம் காலிழந்தவர்களுடையது. அகற்றுவதற்குத் திகதி வைத்த சமவாயம், பாதிக்கப்பட்டவரைப் பராமரிக்கும் பொறுப்பை மட்டும் 'இயலுமான நிலையிலுள்ள நாடுகள் உதவவேண்டும்' என்ற அளவில் விட்டுவிட்டது. அதனால் மிதிவெடியில் காலிழந்தவர் 2028ஐக் காட்டி எதையும் கேட்க முடியாது. அவர் போகவேண்டியது மாற்றுத்திறனாளிகளுக்கான வழியில்: பிரதேச செயலகத்தின் சமூக சேவைப் பிரிவு, 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க உரிமைப் பாதுகாப்புச் சட்டம், இலங்கை 2016இல் ஏற்ற மாற்றுத்திறனாளிகள் சமவாயம். உதவித்தொகைக்கு அங்கேதான் விண்ணப்பிக்கவேண்டும்.

இன்னொன்று, வெடிக்காத எறிகணையும் மோட்டார் குண்டும் இந்தச் சட்டம் சொல்லும் மிதிவெடிக்குள் வராது. கொத்துக்குண்டுகளுக்கு வேறு சமவாயம், இலங்கை 2018இல் அதில் சேர்ந்தது. ஆனால் களத்தில் வெடி அகற்றும் குழுக்கள் எல்லாவற்றையும்தான் எடுக்கின்றன. ஆகவே பழைய இரும்பு பொறுக்கும்போதோ, குப்பைக்குத் தீ வைக்கப்போகும்போதோ சந்தேகமான ஏதாவது கண்டால், அது எந்தச் சட்டத்துக்குள் வருகிறது என்று யோசிக்காமல், தொடாமல், வந்த தடத்திலேயே திரும்பிப் போய்க் கிராம சேவகரிடமோ பொலிசிடமோ சொல்லுங்கள். மீன்பிடிக்கென்று உள்ளே இருக்கும் வெடிமருந்தைக் கிண்டி எடுப்பதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள், அதில் போன உயிர்கள் போதும்.

காணி துப்புரவாகிவிட்டது என்று யாராவது வாயால் சொன்னால் அதை நம்பி உழவு இயந்திரத்தை இறக்கவேண்டாம். எந்த எல்லைவரை அகற்றினார்கள் என்று வரைபடத்தில் காட்டும்படி பிரதேச செயலகத்தில் கேளுங்கள். தராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், தமிழிலேயே, எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள். தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை அவர்கள் பதினான்கு வேலை நாட்களுக்குள் எடுக்கவேண்டும். மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம், அதற்குப் பிறகு தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கும் போகலாம்.