மழை நின்றாலும் மரம் பெய்யும்

செங்கோட்டையிலிருந்து ஒரு வாசகி படம் அனுப்பியிருந்தார். வாசலில் ரோஜாத் தொட்டி. சாண எருவின் மேல் சட்டைப் பொத்தானைவிடச் சின்னதாகப் பழுப்புக் கிண்ணங்கள், ஒவ்வொன்றிலும் கொள்ளுப் போல நாலைந்து கறுப்பு வில்லைகள். "பக்கத்து வீட்டு ஆச்சி, யாரோ எதையோ வச்சிட்டுப் போயிருக்காங்க, தொட்டியோட தூக்கிப் போடுங்கிறாங்க. என்ன சார் இது?"

யாரும் எதையும் வைக்கவில்லை. பறவைக்கூட்டுக் காளான், சயாத்தஸ் பேரினம். சாணத்திலும் மட்கும் மரத்திலும் வளரும், ரோஜாவை ஒன்றும் செய்யாது. வித்துகள் வில்லைக்குள் பூட்டிக் கிடப்பதால் காற்று அவற்றை அள்ளிப் போக முடியாது. அப்புறம் எப்படி இடம் மாறும்?

மழைத்துளி எறிகிறது! கிண்ணத்தின் சுவர் சரிவாக, புனல் போல இருக்கிறது. உள்ளே விழும் துளி சிதறிச் சுவரோடு மேலே பீறிடும்போது வில்லையையும் பிடுங்கிக்கொண்டு போகிறது. ஒரு மீட்டர் தூரம்கூடப் போகும். வில்லையின் அடியில் ஒரு சின்னப் பை, அதற்குள் சுருட்டி வைத்த மெல்லிய கயிறு, கயிற்றின் நுனியில் பசை. பறக்கும்போது பை கிழிந்து கயிறு நீள்கிறது. பசை ஒரு புல்லைத் தொட்டால் போதும், வில்லை பம்பரம் போலச் சுழன்று கயிற்றைத் தண்டில் சுற்றிக்கொள்ளும். சாணத்தில் வளரும் வகைக்கு இது பெரிய வசதி. அந்தப் புல்லை மாடு மேய்ந்தால் வித்துகள் குடலைத் தாண்டி நேரே சாணத்தில் வந்து இறங்கும்.

கனடாக்காரர் ஹரோல்ட் பிராடி 1951இல் இந்தத் தெறிகிண்ண உத்தியை விளக்கி எழுதினார். நம் ஊரில் புலியைப் படிக்கிறேன் என்றால் காசு கிடைக்கும், பொத்தான் அளவு பூஞ்சை என்றால் சிரிப்பார்கள்.

சரி, படம் எடுக்க வேண்டுமா? குற்றாலச் சாரலை நம்பாதீர்கள். அந்தப் பொடித் துளிக்கு வில்லையை அசைக்கும் பலம் கிடையாது. நாலு மில்லிமீட்டர் அளவுக்குக் கனத்த துளி வேண்டும், அது இலை நுனியிலும் ஓட்டு விளிம்பிலும் எளிதாகத் திரளும். மழை நின்றாலும் மரம் பெய்யும் என்று ஆரியங்காவுக்கு அந்தப் பக்கம் மலையாளத்தில் சொல்வார்கள், காளானுக்கு அந்த மரத்து மழைதான் தோது. தொட்டியை வேப்பமரத்தடிக்கு நகர்த்துங்கள். செல்போனைக் கிண்ணத்தின் மட்டத்துக்கு இறக்கி, ஸ்லோமோஷனில் விட்டுக் காத்திருங்கள்.

அதற்கு முன் தொட்டிக்குப் பின்னால் இருக்கும் வெள்ளைச் சுவரைப் பாருங்கள். கறுப்புப் புள்ளிகள் இருந்தால் நகத்தால் சுரண்டிப் பாருங்கள், தெறித்து ஒட்டிய வில்லைகளாக இருக்கலாம். ஆச்சியையும் கூப்பிட்டுக் காட்டுங்கள்.