பழைய ட்ரவுட் பொரிப்பகத்தில் முதலில் எதைத் திருத்துவது?

கொழும்பில் மீனுக்குப் பஞ்சமில்லை. ஆனால் குளிர்நீர் மீனான ட்ரவுட்டை இங்கே சும்மா தொட்டி கட்டி வளர்த்துவிட முடியாது. வெள்ளவத்தைக் குழாயில் வரும் தண்ணீர் 28 பாகை என்றால், ஒரு லீற்றரில் 8 மில்லிகிராமுக்கும் குறைவான ஒட்சிசன்தான் கரைந்து நிற்கும். 10 பாகையில் அது 11ஐத் தாண்டும். போதாததற்கு, சூடு ஏற ஏற மீனுக்கு ஒட்சிசன் தேவையும் ஏறுகிறது. 1880களில் ஆங்கிலேயர் கொண்டுவந்த ட்ரவுட் நுவரெலியாப் பக்கத்து ஓடைகளில் விடப்பட்டதற்குக் காரணம் இந்தக் கணக்குத்தான்.

மீன் முட்டையைப் பொரிக்கவைத்துக் குஞ்சு வளர்க்கும் பழைய பொரிப்பகத்தைப் புதுப்பிப்பது என்றதும் கூரையும் பெயின்ற்றும்தான் பலருக்கு ஞாபகம் வரும். அதெல்லாம் பிறகு பார்க்கலாம். தண்ணீர் உள்ளே வரும் இடத்தில்தான் வேலை தொடங்க வேண்டும். நிலத்தடி ஊற்றுநீரில் பெரும்பாலும் ஒட்சிசன் குறைவு, நைதரசன் அளவுக்கு மீறி இருக்கும். சோடாப் போத்தலைத் திறந்ததும் குமிழி வருமே, அந்த மாதிரி மீனின் இரத்தத்துக்குள்ளேயே குமிழி உண்டாகிவிடும். குஞ்சுகள் அதில் செத்துப்போகும். இதற்கு மருந்து ஓர் உயரமான குழாய். உள்ளே பிளாஸ்டிக் வளையங்களை நிரப்பி, மேலேயிருந்து தண்ணீரை விடுவார்கள். வளையங்களின் மேல் மெல்லிய படலமாகப் பரந்து இறங்கும்போது மிகையான நைதரசன் வெளியேறும், ஒட்சிசன் உள்ளே சேரும். சரிவான நிலமென்றால் மோட்டாரும் வேண்டாம். செலவுக்கு ஏற்ற பலன் என்று பார்த்தால் இதற்குத்தான் என் வாக்கு.

வானவில் ட்ரவுட் என்ற இனத்தின் முட்டை 10 பாகை நீரில் பொரிக்க ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். அதுவரை செத்த முட்டைகளைப் பொறுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். வெளுத்துப்போன ஒரு முட்டையில் பஞ்சு போலப் பூஞ்சை பிடித்தால் பக்கத்து முட்டைகளுக்கும் படரும். முன்பு இதற்கு மலக்கைற் பச்சை என்ற சாயம் பயன்பட்டது. உண்ணும் மீனில் அது பல நாடுகளில் தடை. இப்போது ஐதரசன் பெரொட்சைட்டு போன்றவை.

அப்புறம் தொட்டி. நீண்ட கொங்கிரீட் வாய்க்காலில் கழிவு ஆங்காங்கே படியும், சொரசொரப்பான சுவரில் துடுப்பு தேயும். வட்டத் தொட்டியில் சுழலும் நீரே கழிவை நடுத்துவாரத்துக்குத் தள்ளிவிடும். நீரை வடிகட்டி, அமோனியாவைப் பக்டீரியாக்களால் நைத்திரேற்றாக மாற்றி, திரும்பப் பயன்படுத்தும் முறையும் இருக்கிறது. நீர் மிச்சம்தான், ஆனால் மின்சாரத்தை நம்பியிருக்க வேண்டும். 2022இல் 13 மணி நேர மின்வெட்டைப் பார்த்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. நெருக்கமாக மீன் நிறைந்த தொட்டியில் பம்பு நின்றால் அரை மணி நேரமே நீண்ட நேரம். ஆகவே ஒட்சிசன் சிலிண்டரில் ஒரு மின்வால்வைப் பொருத்துவார்கள். மின்சாரம் இருக்கும்வரை அது மூடியே இருக்கும், போனதும் தானாகத் திறந்துகொள்ளும்.