சொல் விளக்கம்: பொட்காஸ்ட்

புறக்கோட்டையிலிருந்து பாணந்துறை போகும் 100 ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினால் இரண்டு விதமான சத்தம் ஓடிக்கொண்டிருக்கும். ஒன்று, சாரதி போட்டுவிடும் சிங்கள எப்.எம். பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் பஸ் முழுவதற்கும் அதுதான். மற்றது, பக்கத்து ஆசனத்துப் பிள்ளையின் காதுக்குள் மட்டும் போய்க்கொண்டிருப்பது. முதலாவது ஒலிபரப்பு. இரண்டாவதுக்குத்தான் பெயர் இன்னும் தடுமாறுகிறது. நாங்கள் பொட்காஸ்ட் என்று எழுதுகிறோம், தமிழ்நாட்டில் பாட்காஸ்ட்.

2004 பெப்ரவரியில் பிரித்தானியாவின் கார்டியன் நாளிதழில் பென் ஹாமர்ஸ்லி எழுதிய கட்டுரையோடு இந்தச் சொல் புழக்கத்துக்கு வந்தது. இந்தப் புது வேலைக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று கேள்விக்குறியோடு அவர் போட்டுப் பார்த்த சில பெயர்களில் இதுவும் ஒன்று. அப்பிளின் பாட்டுக் கருவியான ஐபொட்டிலிருந்து தலை, ஒலிபரப்பைக் குறிக்கும் புரோட்காஸ்டிலிருந்து வால். அடுத்த ஆண்டே ஒக்ஸ்போர்ட் அமெரிக்க அகராதி இதை ஆண்டின் சொல்லாக அறிவித்தது. ஐபொட் உற்பத்தி 2022 இல் நின்றுவிட்டது. தலை போயும் பெயர் நிற்கிறது!

வால் இன்னும் சுவையானது. புரோட்காஸ்ட் என்பது வானொலிக்கு முன்பே வயலில் இருந்த சொல்: கையால் விதையை வீசி விதைப்பது. எங்கே விழும், எது முளைக்கும் என்ற கணக்கு அதில் இல்லை. ஒலிபரப்பில் உள்ள நம் ‘பரப்பு’ அந்தக் கருத்தை அப்படியே பிடித்துவிட்டது. 1925 இல் கொழும்பில் தொடங்கிய வானொலியும் இப்படி வீசி விதைத்ததுதான். கடல் தாண்டித் தமிழ்நாட்டிலும் முளைத்தது.

பொட்காஸ்ட் வீசப்படுவதில்லை. கேட்பவர் தேடிப் போய்ச் சேர்ந்துகொள்கிறார். புதிய பகுதி வந்ததும் ஆர்.எஸ்.எஸ். என்ற இணைய ஏற்பாடு (அந்த அமைப்பு இல்லை, பயப்படவேண்டாம்) அதை அவருடைய கருவிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. இன்று இரண்டு பேர் மைக்கின் முன்னால் உட்கார்ந்து கதைக்கும் வீடியோவும் பொட்காஸ்ட் ஆகிவிட்டது, அது வேறு கதை.

தமிழில் வலையொலி, ஒலியோடை என்று இரண்டு சொற்கள் உண்டு. அந்த ஆர்.எஸ்.எஸ். ஏற்பாட்டைச் செய்தியோடை என்று ஏற்கெனவே சொல்லிவருவதால், சரக்கு வந்துசேரும் விதத்துக்கு ஒலியோடைதான் பொருத்தம். ஆனாலும் என் வாக்கு வலையொலிக்கே. வானொலி என்று சொல்லிப் பழகிய வாய்க்கு அது தானாக வரும்.

அப்புறம், கேட்பவரை என்னவென்று அழைப்பது? இதில் புதுச்சொல் தேடவே வேண்டாம். இலங்கை வானொலி அறிவிப்பாளர்கள் நம் காதில் ஊற்றிய ‘நேயர்’ இருக்கிறது. நேயம் என்றால் அன்பு. நெய், எண்ணெய் என்றும் பொருள் உண்டு. தமிழ் லெக்சிக்கன் இதை ஸ்நேகத்தோடு சேர்க்கிறது. நெய் என்ற வேரிலிருந்தே வந்தது என்பாரும் உண்டு. எப்படிப் பார்த்தாலும் ஒட்டிக்கொள்ளும் சொல். அஞ்சலட்டையில் பாட்டுக் கேட்டு எழுதிவிட்டு, தன் பெயரை வாசிப்பார்களா என்று றேடியோவுக்குப் பக்கத்தில் காத்திருந்தவரை வேறு எப்படிச் சொல்வது?

ஆகவே, ‘வலையொலியின் புதிய பகுதி வந்திருக்கிறது, நேயர்களே’ என்று தாராளமாகச் சொல்லலாம். சந்தாதாரர்களே என்றால், எனக்கு மாதக் கடைசியில் பேப்பர்காரர் பில்லோடு வாசலில் நிற்கிற ஞாபகம்தான் வருகிறது.