அடைக்க முடியாத வாசல்

பாளையங்கோட்டை ஐகிரவுண்டில் உள்ள அரசு மருத்துவமனையின் வாசலில், பார்வையாளர் நேரம் தொடங்குவதற்குச் சற்று முன்னால் நின்று பார்த்தால், ஒரு காவலாளியின் வேலை எவ்வளவு நுட்பமானது என்பது விளங்கும். ஆலங்குளத்திலிருந்தும் வள்ளியூரிலிருந்தும் தூக்குவாளியும் துணிப்பையுமாக வந்து காத்திருப்பவர்களை அவர் ஓர் ஓரமாக நிறுத்தி வைத்திருக்கிறார். அந்த நேரத்தில் நான்குவழிச் சாலையில் அடிபட்டவரை ஏற்றிக்கொண்டு 108 வண்டி வந்துவிட்டால், ஒரு கேள்வியும் கேட்காமல் வாசலை முழுவதுமாகத் திறந்துவிடுகிறார். ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்று இப்பணிக்கு வந்த ஒரு பெரியவர் என்னிடம் ஒருமுறை சொன்னார்: "மொதல்ல வழிய விடணும் தம்பி, பொறவுதான் விசாரணை." வங்கிக் காவலாளி சந்தேகம் வந்தால் கதவை இழுத்து அடைத்துவிடலாம். மருத்துவமனைக் காவலாளிக்கு அந்த வசதி இல்லை. வாசல் அடைபட்டுக் கிடக்கும் ஒவ்வொரு நிமிடமும் ஒருவருடைய இரத்தம் வீணாக வெளியேறிக்கொண்டிருக்கும் நிமிடமாக இருக்கக்கூடும்.

போர் நடக்கும் நாட்டில் இந்தச் சிக்கல் பல மடங்காகிறது. 2018 ஜனவரி 27 அன்று, ஆப்கானிஸ்தானின் தலைநகரான காபூலில், நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டுபோவதாகச் சொல்லி ஓர் ஆம்புலன்ஸ் முதல் சோதனைச் சாவடியைக் கடந்தது. இரண்டாவது சாவடியில் நிறுத்தப்பட்டபோது அது வெடித்தது. வண்டி நிறைய வெடிமருந்து இருந்திருக்கிறது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். வழிவிட வேண்டிய வண்டியே குண்டாக இருக்கக்கூடிய ஊரில், அடைக்கவே கூடாத வாசலை எப்படிக் காப்பது? இதற்கு விடைதேடும்போது, துப்பாக்கியைக் காட்டிலும் இயற்பியலும் சட்டமும் மனித மூளையின் இயல்பும்தான் காவலாளிக்கு அதிகமாகத் துணைநிற்கின்றன என்பது தெரியவருகிறது.

முதல் துணை, தொலைவு. நம் பக்கத்து ஊர்களில் கோயில் கொடைக்கு அதிர்வேட்டு போடும்போது, அருகில் உள்ள வீட்டின் ஜன்னல் கண்ணாடி கிடுகிடுவென நடுங்கும். இரண்டு தெரு தள்ளி இருப்பவருக்கு வெறும் சத்தம் மட்டுமே கேட்கும். வெடிப்பு என்பது காற்றை நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கிற்குள் அழுத்தித் தள்ளும் ஓர் அலை. அந்த அலை எல்லாத் திசைகளிலும் விரியும்போது, அதே ஆற்றல் மேலும் மேலும் பெரிய பரப்பில் பகிரப்படுவதால் அழுத்தம் மிக வேகமாகக் குறைகிறது. இதில் ஒரு கணக்கு உண்டு: ஒரே அளவு அழுத்தம் எட்டும் தொலைவு, வெடிமருந்து எடையின் கனமூலத்தைப் பொறுத்தே கூடுகிறது. எனவே வாகனங்கள் நிற்கும் இடத்தைக் கட்டடத்திலிருந்து 20 மீட்டரிலிருந்து 40 மீட்டருக்குத் தள்ளி வைத்துவிட்டால், அதே சேதத்தை உண்டாக்க எட்டு மடங்கு (2×2×2) வெடிமருந்து தேவைப்படும். மருத்துவமனை வாசலுக்கு வெகு முன்னாலேயே ஒரு சங்கிலியைக் கட்டி, அதன் அருகில் காவலாளி ஒருவரை நிறுத்துவதற்குக் காரணம் இதுதான். அவர் காப்பது கதவை அன்று, அந்த இடைவெளியை.

காற்றழுத்தம் வழக்கமான அளவைவிட மூன்றில் ஒரு பங்கு திடீரென்று கூடினால் மனிதரின் செவிப்பறை கிழியலாம். சாதாரண ஜன்னல் கண்ணாடி உடைவதற்கு அதில் பத்தில் ஒரு பங்கே போதுமானது. ஆகவே வெடிப்பில் காயமடைபவர்களில் பெரும் பகுதியினர் குண்டின் அலையால் அல்லாமல், பறந்துவரும் கண்ணாடிச் சில்லுகளால் காயமடைகின்றனர். போர்ப்பகுதி மருத்துவமனைகளில் ஜன்னல்களின் உட்புறம் பிளாஸ்டிக் படலம் ஒட்டுவதும், தெருப்பக்கம் மணல் மூட்டைகளை அடுக்குவதும், அறுவை அரங்கைக் கட்டடத்தின் நடுவில் வைப்பதும் இதனால்தான்.

மணல் மூட்டை என்றதும் நமக்குப் பாஞ்சாலங்குறிச்சி நினைவுக்கு வராமல் இருக்காது. பழைய திருநெல்வேலிச் சீமையின் அந்தக் கோட்டை மண்ணால் கட்டப்பட்டது. 1801 மார்ச் 31 அன்று கிழக்கிந்தியக் கம்பெனிப் படை நடத்திய தாக்குதலை அது தாங்கி நின்றது. பெரும் படையும் பீரங்கிகளும் வந்துசேர்ந்த பின்பு மே 24 அன்றுதான் வீழ்ந்தது. கல்லும் காங்கிரீட்டும் அடியை வாங்கும்போது வெடித்துச் சிதறுகின்றன; சிதறிய துண்டுகளே புதிய குண்டுகளாகிவிடும். தளர்ந்த மண்ணோ, அதன் துகள்கள் ஒன்றோடொன்று உராய்ந்து நகர்வதன் மூலம் ஆற்றலை வெப்பமாக மாற்றி விழுங்கிவிடுகிறது. கம்பிவலைக் கூடையில் மண்ணை நிரப்பி இன்றைய காலத்தில் எழுப்பும் தடுப்புச் சுவரும் அந்த மண்கோட்டையின் இயற்பியலையே பயன்படுத்துகிறது.

அடுத்தது வேகம். ஓடும் வண்டியின் இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. மணிக்கு 60 கிலோமீட்டரில் வரும் லாரியை 30 கிலோமீட்டராகக் குறைக்க வைத்தால், அது மோதும் ஆற்றல் நான்கில் ஒரு பங்காகிவிடும். நம் சாலைகளில் காவல்துறை தடுப்புகளை மாற்றி மாற்றி வளைவு நெளிவாக வைப்பதைப் பார்த்திருப்போம். அதே முறையில் மண் நிரப்பிய பீப்பாய்களை வைத்தால், எந்த ஓட்டுநரும் வேகத்தைக் குறைத்தாக வேண்டும். ஓட்டுநரின் முகத்தையும் பின்னால் படுத்திருப்பவரையும் பார்க்கக் காவலாளிக்குச் சில நொடிகள் கிடைக்கும். உண்மையான ஆம்புலன்ஸுக்கு அந்தச் சில நொடிகளால் கெடுதல் இல்லை.

இனி, ஆயுதத்தைப் பற்றிப் பேச வேண்டும். போர்நாட்டு மருத்துவமனையைக் காப்பவர் கையில் துப்பாக்கி இருக்கும் என்றே நாம் நினைப்போம். போர்ப்பகுதிகளில் எல்லாத் தரப்பினருக்கும் சிகிச்சை தரும் எல்லைகளற்ற மருத்துவர்கள் (எம்.எஸ்.எஃப்.) என்னும் தொண்டு அமைப்பு நடத்தும் மருத்துவமனைகளில் அப்படி இல்லை. துப்பாக்கியின் மேல் குறுக்குக் கோடு போட்ட படத்தை வாசலில் ஒட்டியிருப்பார்கள். காவலாளியும் வெறுங்கையோடுதான் நிற்பார். காயம்பட்ட போர்வீரரை அழைத்துவரும் தோழர்கள் ஆயுதத்தை வாசலிலேயே விட்டுவிட வேண்டும். நெல்லையப்பர் கோயிலுக்குள் போகும்போது செருப்பை வெளியில் விட்டு டோக்கன் வாங்கிக்கொள்கிறோமே, ஏறத்தாழ அதே ஏற்பாடுதான். எந்தத் தரப்பினரானாலும் உள்ளே நுழையும்போது நோயாளி அல்லது நோயாளியின் உறவினர், அவ்வளவே.

இதற்குப் பின்னால் ஒரு சட்டத் தர்க்கம் இருக்கிறது. 1949ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கைகள் மருத்துவமனைகளைத் தாக்கக் கூடாது என்கின்றன. எதிர்த்தரப்புக்குத் தீங்கு விளைவிக்கும் செயலுக்கு அந்த இடம் பயன்பட்டால் மட்டுமே அப்பாதுகாப்பு நீங்கும். அப்போதும் முதலில் எச்சரிக்கை விடுத்து, தேவையான கால அவகாசம் தர வேண்டும். காவலர்கள் நிற்பதாலோ, மருத்துவப் பணியாளர்கள் தம்மையும் நோயாளிகளையும் காத்துக்கொள்ளச் சிறிய ஆயுதம் வைத்திருப்பதாலோ, காயம்பட்டோரிடமிருந்து வாங்கிய துப்பாக்கிகள் இன்னும் ஒப்படைக்கப்படாமல் உள்ளே கிடப்பதாலோ பாதுகாப்பு போய்விடாது என்பதும் அதே சட்டத்தில் உண்டு. ஆகவே ஆயுதமேந்திய காவல் சட்டத்துக்குப் புறம்பானதன்று. ஆனால் தொலைவில் மலைமேல் தொலைநோக்கியோடு இருப்பவனுக்கு, வாசலில் தெரியும் துப்பாக்கி காவலாளியுடையதா எதிரியுடையதா என்று தெரியாது. அந்த ஐயம் எழவே இடங்கொடுக்காமல் இருப்பதுதான் வெறுங்கைக் காவலின் பொருள். இதைக் கோழைத்தனம் என்று எண்ணுவோர் உண்டு. எனக்கோ, துப்பாக்கி இல்லாமல் அந்த வாசலில் நிற்பதற்கு அதிகத் துணிவு வேண்டும் என்றே படுகிறது.

துப்பாக்கி உள்ளே போகாமல் தடுக்க உலோகங்காட்டும் கருவி உதவுகிறது. அக்கருவியின் கம்பிச்சுருளில் மாறுமின்னோட்டம் பாய்ந்து, மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. அருகில் உலோகம் வந்தால் அதனுள் சுழல் மின்னோட்டங்கள் தோன்றி, அவை தமக்கென ஒரு காந்தப்புலத்தை எழுப்பும். கருவி அதை உணர்ந்து ஒலிக்கும். ஆனால் கத்திக்கும் தொடையெலும்பில் பொருத்திய தகட்டுக்கும் அதற்கு வேறுபாடு தெரியாது. உடலெங்கும் குண்டுச் சில்லுகளோடு வருபவர் மேல் அதை நீட்டினால் ஒலித்துக்கொண்டேதான் இருக்கும். உலோகமில்லாத வெடிமருந்தை அது காட்டவும் செய்யாது. ஆகவே கடைசியில் கையால் தடவிப் பார்க்கும் சோதனைதான். பெண்களைச் சோதிக்கப் பெண் காவலர் இல்லையென்றால் அந்தச் சோதனையும் இல்லை.

உடையை நம்புவதும் ஆபத்து. 2017 மார்ச் 8 அன்று காபூல் ராணுவ மருத்துவமனைக்குள் புகுந்து தாக்கியவர்கள் மருத்துவரின் வெள்ளை அங்கி அணிந்திருந்தார்கள். 2014 ஏப்ரலில் அதே நகரின் வேறொரு மருத்துவமனையில், காவலுக்கு நிறுத்தப்பட்டிருந்த காவலரே அமெரிக்கர் மூவரைச் சுட்டுக் கொன்றார். சீருடை அணிந்தவரையும் முகம்பார்த்து அடையாளம் காண வேண்டியிருப்பதால்தான், அந்தந்த ஊர்க்காரர்களையே, அதிலும் பல பிரிவினரையும் கலந்து, காவலுக்கு அமர்த்துவது வழக்கம். தெருவின் இயல்பான நாள் எப்படி இருக்கும் என்று அறிந்தவருக்குத்தான், தேநீர்க் கடை காரணமில்லாமல் மூடியிருக்கும் காலைவேளை உறுத்தும்.

அப்படி உறுத்துவதற்கு மூளை விழித்திருக்க வேண்டும். இரண்டாம் உலகப் போரில் ராடார் திரையைக் கண்காணித்தவர்கள் எதிரியைத் தவறவிடுவது ஏன் என்று ஆராய்ந்த நார்மன் மெக்வொர்த், ஒரே காட்சியைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருப்பவரின் கவனம் முதல் அரை மணி நேரத்திலேயே சரியத் தொடங்குகிறது என்பதை 1948இல் வெளியிட்டார். இன்னும் கவலை தருவது, படங்களில் ஒரு பொருளைத் தேடச் சொல்லிப் பார்த்து 2005இல் வெளிவந்த ஓர் ஆய்வு. தேடும் பொருள் பாதிப் படங்களில் இருந்தபோது ஏறத்தாழ 7 விழுக்காட்டை மட்டுமே தவறவிட்டவர்கள், நூற்றில் ஒரு படத்தில் மட்டும் இருந்தபோது ஏறத்தாழ 30 விழுக்காட்டைத் தவறவிட்டார்கள். அரிதாக வருவதைக் கண் எதிர்பார்ப்பதில்லை. நாளொன்றுக்கு ஆயிரம் பேரைச் சோதித்து, ஆண்டுக்கணக்கில் எதையும் காணாத காவலாளியின் நிலை இதுதான். இதைச் சோம்பல் என்று பழிப்பது அநியாயம். வாசல், சுற்றுச்சுவர், உள்முற்றம் என்று அரை மணிக்கொருமுறை இடம் மாற்றி நிறுத்துவதே இதற்கு மருந்து. பன்னிரண்டு மணி நேரம் ஒரே நாற்காலியில் ஒருவரை உட்காரவைத்துவிட்டு, அவரிடம் கூர்மையை எதிர்பார்ப்பது நம் ஊரிலும் நடக்கிறது.

சந்தையில் குண்டு வெடித்து, அரை மணி நேரத்தில் ஐம்பது பேர் கொண்டுவரப்படும் நாளில் காவலாளி மருத்துவத்தின் முதல் படியாகவே ஆகிவிடுகிறார். நடந்து வருபவர்களை ஒரு புறமாகவும், தூக்கிவரப்படுபவர்களை மறுபுறமாகவும் பிரித்து விடுகிறார். அதன் பிறகுதான் மருத்துவர் சிவப்பு (உடனடிச் சிகிச்சை), மஞ்சள் (சற்றுப் பொறுக்கலாம்), பச்சை (சிறு காயம்), கருப்பு (இறந்தவர் அல்லது பிழைக்க வாய்ப்பில்லாதவர்) என்று வகைப்படுத்துவார். வண்டிகள் ஒரு வாசலில் நுழைந்து மறுவாசலில் வெளியேற வேண்டும். ஒரே வாசலானால் இறக்கிவிட்ட வண்டியும் இறக்க வந்த வண்டியும் எதிரெதிரே சிக்கிக்கொள்ளும். கூடவே, கதறிக்கொண்டு வரும் உறவினர் கூட்டத்தைத் தள்ளி நிறுத்த வேண்டும். கூட்டம் சேர்ந்தபின் அதன் நடுவில் இரண்டாவது குண்டை வெடிப்பது பலமுறை நடந்திருக்கிறது.

இத்தனையும் தரையிலிருந்து வரும் ஆபத்துக்கு மட்டும். 2015 அக்டோபர் 3 அதிகாலையில், ஆப்கானிஸ்தானின் குந்தூஸ் நகரில், எல்லைகளற்ற மருத்துவர்களின் மருத்துவமனை மீது அமெரிக்க விமானம் திரும்பத் திரும்பச் சுட்டதில் 42 பேர் இறந்தனர். அம்மருத்துவமனையின் இருப்பிடக் குறியீடுகள் சில நாட்களுக்கு முன்புதான் போரிடும் தரப்பினருக்கு மீண்டும் அனுப்பப்பட்டிருந்தன. வாசற்காவல் குறைவின்றி இருந்தும் வானத்தின் முன் அதனால் ஒன்றும் செய்ய இயலவில்லை. நம் மாவட்டத்து இலங்கைத் தமிழர் முகாம்களில் இருப்போருக்கு இது புதிய செய்தியன்று. 1987ஆம் ஆண்டுத் தீபாவளி நாளில் இந்தியப் படையினர் யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் புகுந்தபோது, மருத்துவர்களும் செவிலியரும் நோயாளிகளுமாக அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2009 பிப்ரவரியில் புதுக்குடியிருப்பு மருத்துவமனை மீது மீண்டும் மீண்டும் எறிகணைகள் விழுந்தன. குந்தூஸ் தாக்குதலுக்கு ஏழு மாதங்கள் கழித்து, 2016 மே 3 அன்று, ஐ.நா. பாதுகாப்பு மன்றம் 2286ஆம் எண் தீர்மானத்தின் வழியே மருத்துவமனைத் தாக்குதல்களைக் கண்டித்தது. தாக்குதல்கள் அதன்பிறகும் நின்றபாடில்லை.

2021 ஆகஸ்டில், அதே குந்தூஸ் நகரில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு காயச் சிகிச்சைக்கான புதிய மருத்துவமனையைத் திறந்தது. அங்கேயும் ஆயுதத்தோடு யாரும் உள்ளே போகக் கூடாது.